துரைக்கு ஒரு புது வினைச்சொல்

லோகேஸ்வரி புடவையின் விலையைச் சொல்ல வாயெடுத்தால் போதும், லைன் போய்விடும்.

மலேசியாவில், லிங்கிக்குப் போகும் பாதையில், பாமாயில் தரும் செம்பனைக் காட்டுக்கு நடுவே, இரண்டு குன்றுகளின் மடியில் கிடக்கிறது பெல்மூர் தோட்டம். போன் கோபுரம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. லோகேஸ்வரியோ போனில் நேரலையாகப் புடவை விற்பவள். "பாருங்க சிஸ்டர்ஸ், மயில் கழுத்து கலரு, முந்தானை பூரா ஜரிகை, இதெல்லாம் வெறும்..." என்று சொல்லி, வாய் பிளந்து, ஒரு கண் பாதி மூடியபடி திரையில் உறைந்துவிடுவாள். அந்த முகத்தை யாரோ ஸ்டிக்கராகச் செய்து அம்பாங்கான் பெண்கள் குழுவில் உலவ விட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்ல அதைத்தான் இப்போது அனுப்புகிறார்களாம்.

செனவாங்கில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள் அவள். தீபாவளிக்குள் வியாபாரம் நிமிரவில்லையென்றால் மறுபடி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குத்தான் போக வேண்டும். "மெஷினு அப்படியேதான் இருக்கும், நீதான் கெழவியா போயிருப்ப" என்று அம்மா நீலாவதி ஆறுதல் வேறு சொல்லியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் கோபுரம் வருகிறது என்ற சேதி வந்தது. ஆட்கள் வந்து கருவி வைத்து அளந்தார்கள். மேற்குன்றின் உச்சிதான் தோதுப்படும் என்று முளைக்குச்சி அடித்தார்கள். லோகேஸ்வரி அன்று சமைக்கவே இல்லை, சந்தோஷத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். முளைக்குச்சி அடித்த இடத்தில் துரை உட்கார்ந்திருந்தார்.

துரை என்பது ஒரு கருங்கல். இடுப்பளவு உயரம், தலையில் வெள்ளைத் தொப்பி. எந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜர், பெயர் என்ன, எப்படிச் செத்தார் என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தவரை யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். செத்த பிறகு கொடுக்க ஆரம்பித்தார். பெல்மூர் மக்கள் இதைப் பெரிய மனமாற்றமாக எடுத்துக்கொண்டு கும்பிட்டு வந்தார்கள்.

மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். துரையிடம் போகிறவர்கள் ஷூ போட்டுக்கொள்வார்கள். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, ஆபீசுக்குப் போகிற கோலத்தில் போக வேண்டும். படையல், கறுப்பு பீர் ஒரு போத்தலும் டின் பிஸ்கட்டும் சுருட்டும். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் துரை ஆளைப் பார்ப்பார். சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுவார், அதற்குமேல் புரண்டு அழுதாலும் இறங்க மாட்டார்.

அவர் இறங்குவது முருகையா மீது. மற்ற நாளெல்லாம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் முருகையா. தமிழும் மலாயும் தவிர வேறு பேசாதவர். துரை இறங்கிவிட்டால் கால்மேல் கால், வாயில் இங்கிலீஸ்.

கேட்கிறவரும் இங்கிலீஸில்தான் கேட்க வேண்டும். அதில்கூடக் கஷ்டமில்லை. கஷ்டம், கேட்பதற்கான வினைச்சொல்லில் இருந்தது. ஒரு வினைச்சொல் துரையிடம் ஒருமுறைதான் செல்லும். வரம் கிடைத்ததும் சொல் தீர்ந்தது, பிறகு யார் கொண்டுபோனாலும் "யூஸ்ட்" என்று துரை முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'வாண்ட்', 'நீட்', 'ஹோப்' எல்லாம் அந்தக் காலத்திலேயே காலி. 'ரிக்வெஸ்ட்' போட்டுத் தண்ணீர்க் குழாய் வந்தது. 'பெக்' போட்டு ஸ்கூல் பஸ் வந்தது. 'அப்பீல்' என்ற அருமையான சொல்லைத் தங்கராஜு என்பவர், தன் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டுச் செலவழித்துவிட்டார். அவரோடு இன்றும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் தோட்டத்தில் உண்டு.

சொல்லை மூன்று காலத்திலும் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோது துரை காலைப் பெரட்டில், வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், ஆட்களை நிறுத்தி வைத்து, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்கிறாய், நாளை என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பாராம். பழக்கம் விடவில்லை. மூன்றும் சரியாக வந்தால் அதே சொல்லை வைத்து வேண்டுதலைச் சொல்லலாம்.

கோபுர வேலையை எடுத்திருந்த சீன முதலாளி, எல்லோருக்கும் தவுக்கே, இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் வீட்டில் சாமி உண்டு. "உங்க சாமி, நீங்களே பேசிக்குங்க. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கல்லைத் தூக்கலாம்னு சொன்னா தூக்குறேன். இல்லாட்டி கிரேன் லோரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடும், அங்கேயும் ஒரு குன்னு இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

துரை கோயில் தலைவர் ராமகிருஷ்ணன் கூட்டம் போட்டார். "கேக்காம தூக்கினா கிரேன் கயிறு அறுந்துரும்லா" என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. யார் போய்க் கேட்பது என்றதும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"ஏன் என்னைப் பாக்குறீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

"லைன் இல்ல லைன் இல்லன்னு தெனமும் கத்துறது யாரு?" என்றார் ராமகிருஷ்ணன்.

*

லோகேஸ்வரி நேராகப் பக்கத்து வீட்டுப் புனிதனைப் போய்ப் பிடித்தாள். சிரம்பானில் காலேஜ் படிக்கிறவன், இங்கிலீஸ் பாடம், இரண்டாம் வருஷம். தோட்டத்தில் எந்தப் பொருளின் பின்னாலும் இருக்கும் எச்சரிக்கையை வாசித்துக் காட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"இம்ப்ளோர்?" என்றான் புனிதன்.

"அது குணாளன் அப்பா எடுத்துட்டாரு. மகனுக்குப் போலீஸ் வேலை."

"என்ட்ரீட்?"

"முருகையா மாமா. லோரி லைசன்சு."

"அவரே கேட்டு அவரே குடுத்துக்கிட்டாரா?"

"அன்னைக்கு வேற ஆள் மேல எறங்குனாருடா. பேச்ச மாத்தாத, அடுத்தது சொல்லு."

"சொலிசிட்?"

"அது கோயில் கமிட்டி எலெக்‌ஷனுக்குப் போச்சு. எந்தக் கட்சின்னு கேக்காத."

புனிதன் மோட்டார் சீட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, திருட்டுப் பொருளைக் கைமாற்றுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான். "பிசீச்."

லோகேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோட்டத்தில் யார் வாயிலும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. "இது நெசமாவே இங்கிலீஸ்தானா?"

"இங்கிலீஸ்காரனே இப்ப எடுக்குறது இல்லக்கா. பிளாஸ்டிக்கு பிரிக்காத சோபா மாதிரி அப்படியே கெடக்கு."

"அர்த்தம்?"

"கால்ல விழுந்து கேக்குறது. ஆனா கால்ல விழ வேணாம்."

"அது நல்லாருக்கே. எனக்கு முட்டி வேற வலிக்குது. நேத்துக்கு என்ன?"

"பிசாட்."

அடுப்படியிலிருந்து நீலாவதியின் குரல் வந்தது. "சாமிகிட்ட போறதுக்கு எதுக்குடி பிசாசைக் கூப்புடுறீங்க?"

"பிசீச்டுன்னும் சொல்லலாம்கா. ரெண்டும் சரிதான்னு லெக்சரரே சொன்னாரு. ஆனா நம்ம ஆளு பழைய ஆளு. பிசாட்டுன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

சொல் கிடைத்துவிட்டது, ஆனால் அதை வாயில் பழக்குவது எப்படி? வெளியே சொன்னால் யாராவது காதில் வாங்கிக்கொண்டு முந்திவிடுவார்கள். ராமகிருஷ்ணனுக்கே மகனுக்கு ராசா பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்க வேண்டிய தேவை ஒன்று நெடுநாளாகக் காத்திருந்தது. அதனால் லோகேஸ்வரி தன் மைவி காரின் கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டு, செம்பனைக் காட்டு மண் பாதையில் ஓட்டிக்கொண்டே பயிற்சி செய்தாள். நேற்று பிசாட், இன்று பிசீச், நாளை ஷல் பிசீச். குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூடிய காருக்குள் ஒரு பெண் கத்திக்கொண்டு போகிறாள், வளைவில் மட்டும் கத்துவதை நிறுத்தி ஹாரன் அடிக்கிறாள். புருஷன்காரன் யாரும் இல்லாதவளுக்கு யாரோடு சண்டை என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

நாலு நாளில் சொல் அவள் நாக்கில் குடியேறிவிட்டது. வியாழக்கிழமை நேரலையில், "சிஸ்டர்ஸ், லைக் போடுங்க, ஐ பிசீ..." என்று அவளையறியாமல் வந்தே விட்டது. பெல்மூரில் லைன் இல்லாததற்கு அவள் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமைக்குள் தோட்டத்தில் ஷூவுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. புதுச் சொல் வருகிறது என்பது கசிந்திருந்தது, என்ன சொல் என்பதுதான் கசியவில்லை. கிழவர்கள் ஷூவுக்குள் பல்லி போகாதபடி காகிதம் அடைத்து வைத்தார்கள். ராமகிருஷ்ணன் மகனின் வெள்ளைப் பள்ளி ஷூவை, குதிகாலை மிதித்துப் போட்டுக்கொண்டு நடந்து பழகினார். லோகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

*

சனிக்கிழமை காலை குன்றின்மேல் ஆள் நிற்க இடமில்லை. லோகேஸ்வரி மயில் கழுத்துப் புடவையும் ஓட்டப்பந்தய ஷூவும் அணிந்து ஏறினாள். ஓரத்தில் கிரேன் லோரி உறுமிக்கொண்டு நின்றது. தவுக்கே கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

முருகையா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ராமகிருஷ்ணன் கல்லின் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அவருக்கு வைத்தார். கறுப்பு பீர் திறக்கப்பட்டது. முருகையாவின் இடதுகால் ஆடியது, பிறகு வலதுகால், பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது.

"எஸ்?" என்றார் துரை.

"குட் மார்னிங், சார்" என்றாள் லோகேஸ்வரி. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம்.

துரை ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். "எஸ்டர்டே?"

"எஸ்டர்டே, ஐ பிசாட்."

துரையின் ஒற்றைப் புருவம் தொப்பிக்குள் ஏறியது. கூட்டத்தில் யாரோ எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது.

"டுடே?"

"டுடே, ஐ பிசீச்."

துரை மெல்லுவதை நிறுத்தினார்.

"டுமாரோ?"

"டுமாரோ, ஐ ஷல் பிசீச்."

லோரி டிரைவர்கூட எஞ்சினை அணைத்துவிட்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. துரை கண்ணை மூடினார். கல்லாகி இத்தனை காலத்தில் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பவர்போல உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தார்.

"நியூ" என்றார்.

புதுசு. அவ்வளவுதான், கூட்டம் வெடித்துவிட்டது. குணாளன் புனிதனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். தங்கராஜுவிடம் பேசாதவர்கள் தங்கராஜுவைக் கட்டிப்பிடித்தார்கள். ராமகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன சொல்லு, என்ன சொல்லு, வாய்க்குள்ளேயே பாதி ஒளிஞ்சுக்குது" என்று மாய்ந்தார். லோகேஸ்வரிக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. இந்தக் கல் நகர்ந்தால் கோபுரம். கோபுரம் வந்தால் மலேசியா முழுக்க அவள் முகம், அதுவும் அசையும் முகம்.

அவள் கை கூப்பி, வேண்டுதலைச் சொன்னாள். "ஐ பிசீச் யூ, சார், டு மூவ்." கொஞ்சம் நகர வேண்டும் என்று.

துரை காலை மாற்றிப் போட்டார். பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"ஓகே" என்றார். "வேர்?"

எங்கே.

லோகேஸ்வரி திரும்பி ராமகிருஷ்ணனைப் பார்த்தாள். ராமகிருஷ்ணன் புனிதனைப் பார்த்தார். புனிதன் குணாளனின் தோளிலிருந்து மெதுவாக இறங்கினான்.

"எங்கன்னு முடிவு பண்ணலையா?" என்றார் ராமகிருஷ்ணன்.

"நான் வினைச்சொல்லுக்கு மட்டுந்தான் பொறுப்பு, மாமா."

வாரம் முழுக்கத் தோட்டமே தூங்கவில்லை. சொல் தேடினார்கள், ஷூ தேடினார்கள், சுருட்டு வாங்க ஒருத்தரைப் போர்ட்டிக்சன் வரை அனுப்பினார்கள். துரையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் ஒரு ஆளும் நினைக்கவில்லை. இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

"மாரியம்மன் கோயில் பக்கத்துல?"

"அம்மனுக்கு எதிர்ல கறுப்பு பீரா? அறிவிருக்கா?"

"பந்து தெடல்?"

"கோல் போஸ்ட்டு எங்க வைக்கிறது, துரை தலையிலயா?"

"தலைவர் வீட்டு வாசல்ல வைக்கலாம்லா."

"எனக்கு பிரஷர் இருக்கு" என்றார் ராமகிருஷ்ணன்.

நாற்காலியிலிருந்து துரை விரலை உயர்த்தினார். சலசலப்பு அடங்கியது. "ஐ மஸ்ட் சீ தி ரோட்" என்றார். தனக்குப் பாதை தெரிய வேண்டுமாம், யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாதாம்.

"போலே கா, டாக் போலே?" என்று தவுக்கே கத்தினார். முடியுமா, முடியாதா. பன்னிரண்டு மணி நெருங்கிவிட்டது. டிரைவர் மறுபடி எஞ்சினை முடுக்கினான். லோரியின் மூக்கு பக்கத்துத் தோட்டத்தின் பக்கம் திரும்பியது.

பாதை தெரிகிற இடம், நிழல் உள்ள இடம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வெறும் தரை. பெல்மூரில் அப்படி ஒரு இடம் இருக்கத்தான் செய்தது. அது எல்லோருக்கும் தெரியும் என்பது லோகேஸ்வரிக்குப் புரிந்தது, ஏனென்றால் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிலாளர் லயத்து வரிசையின் கடைசி வீடு அவளுடையது. முன்னால் ரம்புத்தான் மரம். காலை வெயில் இலைக்குள் வடிகட்டி விழும்போது எந்தப் புடவையும் அங்கே பட்டாகத் தெரியும். பாய் விரித்து, போனை நிறுத்தி, அவள் கடை நடத்துவது அந்த இடத்தில்தான். அதைக் கொடுத்தால் லைன் வரும், உட்கார்ந்து விற்க இடம் போகும். கொடுக்காவிட்டால் இடம் இருக்கும், செனவாங் பஸ்ஸும் இருக்கும்.

துரை தொப்பியைக் கழற்றப் போனார்.

"மை ஹவுஸ், சார்" என்றாள் லோகேஸ்வரி.

"அடியே" என்றது கூட்டத்துக்குள் நீலாவதியின் குரல்.

துரையின் கை நின்றது. "ஷேட்?"

"பிக் ட்ரீ, சார்." எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, அவளுக்கு வியாபார வாய் வந்துவிட்டது. புடவையை விரித்துக் காட்டுகிற மாதிரி இரண்டு கையும் தானாக விரிந்தன. "மார்னிங் சன், வெரி சாஃப்ட், சார். ஈவ்னிங் காற்று. ரோட் ஃபுல்லா சீ பண்ணலாம். ஃபேக்டரி பஸ், ஸ்கூல் பஸ், குலை லோரி, எவரிபடி கோ, யூ சீ எவரிபடி. ஹூ லேட், யூ நோ. கார்னர் லாட், சார்."

துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஹூ லேட், ஐ நோ?"

"எவ்ரி டே, சார். ஐ பிசீச்."

அந்தக் கல்லுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் தோட்டம் கண்டது. முருகையாவின் மீசைக்குக் கீழே, யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சிரிப்பு கோணலாக விரிந்தது.

"அப்ரூவ்ட்" என்றார் துரை. மீதி பீரைக் குடித்து முடித்தார். மணி பன்னிரண்டு. முருகையா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "முடிஞ்சிருச்சா? என்ன கேட்டீங்க?" என்றார்.

கிரேன் துரையைத் தூக்கியபோது குன்றே கூவியது. லோரி முன்னால் இறங்க, தோட்டம் முழுக்க ஷூவோடு பின்னால் ஓடியது. பாதிப் பேருக்குக் கொப்புளம், ஒருவரும் நிற்கவில்லை. தவுக்கே ஜன்னல் வழியே புனிதனைக் கூப்பிட்டு, இந்த சாமி லாட்டரிக்கு நாலு நம்பர் கொடுக்குமா என்று ரகசியமாகக் கேட்டார். யாரும் எடுக்காத சொல்லாகக் கொண்டுவந்தால் கொடுக்கும் என்றான் புனிதன். தவுக்கே அதற்குப் பிறகு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ரம்புத்தான் மரத்தடியில் துரை இறங்கினார். சரியாகப் பாய் விரிக்கிற இடம். லோகேஸ்வரி கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்கட்டில் துணி காயப்போடுகிற இடத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று மனது அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

"ஏம்மா லோகா" என்று பின்னாலிருந்து ராமகிருஷ்ணனின் மனைவி தனலெட்சுமி கூப்பிட்டாள். "அடுத்த சனிக்கெழமை நாங்க மகன் மாத்தல் விஷயமா வரலாம்னு இருக்கோம். எத்தனை மணிக்கு வந்தா வரிசைல முன்னால நிக்கலாம்?"

"அதுக்கு எனக்கென்ன தெரியும் அத்தை, வந்து நில்லுங்க."

"நீ முன்னால நிப்ப, நான் எங்க போறது? எனக்கும்தான் கேக்கணும்" என்றாள் இன்னொருத்தி. "நாங்களும் வர்றோம்" என்றாள் மற்றொருத்தி. யார் முன்னால், யார் பின்னால் என்று பேச்சு வளர்ந்து, சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே வரிசை ஒன்று உருவாகிவிட்டது. துரையின் முன்னால் தொடங்கி, லோகேஸ்வரி வீட்டுச் சுவரை ஒட்டி, சமையல்கட்டு ஜன்னலைத் தாண்டிப் போனது. பெரும்பாலும் பெண்கள். நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்தார்கள். கண்ணில் பட்டது லோகேஸ்வரி.

தனலெட்சுமி அவள் முந்தானை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல நயமா இருக்கே. இதுல அரக்கு கலரு இருக்கா?"

லோகேஸ்வரி முந்தானையைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். இது ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும். குன்றின் உச்சியில் தவுக்கேயின் ஆட்கள் முதல் தூணை அடிக்கும் சத்தம் தொப்பென்று விழுந்தது, மறுபடியும் விழுந்தது.

"அம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அந்த நைலான் கயித்தை எடுத்துட்டு வாங்க."

"கயிறு எதுக்குடி?"

"சுவரு ஓரமா கட்டிப் புடவை தொங்கப் போடணும். வரிசை எங்க முடியுதோ அது வரைக்கும்."

நீலாவதி கயிற்றோடு வாசலுக்கு வந்து, வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"இது பத்தாது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கட்டு எடுத்துவர உள்ளே போனாள்.